கால் நிலைக்கும் தண்ணீர்

ஒன்பது அடி என்றான் லொவெல்.
நாலடி போதும் என்றேன்.
ஹெக்டர் பர்ரேயோ கொல்லையில்
ஆரஞ்சுப் பெயிண்டால்
அவரைவிதை மாதிரி ஒரு வடிவத்தைத் தெளித்து முடித்து
தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்:
"உங்களுக்குள் பேசி முடியுங்கள்.
திங்கட்கிழமை எந்திரம் வந்துவிடும்."

டூசானில் ஜூன் மாதம்.
கதவின் பிடியைத் துணி சுற்றித்தான் தொடலாம்.

கராஜ் சுவரில் என்னை நிறுத்தி
பென்சிலால் கோடு போட்டான்.
நாலடி, என் அக்குள்.
அவனுக்குத் தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே.
ஒன்பதைக் குறிக்க ஏணி வேண்டியிருந்தது.
அந்த உயரத்தில் ஒரு குளவிக்கூடு.
குளவி குடியிருக்கும் உயரத்துக்கா
தண்ணீர் வரி கட்டப்போகிறோம் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

கல்லூரிக் காலத்தில்
மூன்று மீட்டர்ப் பலகையிலிருந்து
தலைகீழாகப் போனவன்.
இப்போது வலது தோளில் நாலு டைட்டானியம் திருகு.
காலையில் சட்டையை நான்தான் மாட்டிவிடுகிறேன்,
கை காதுக்கு மேல் போகாது.
பிறகு எதற்கு ஒன்பது?
கேட்டேன்.
தக்காளிச் செடியைப் பார்க்கப் போய்விட்டான்.

நாலரை அடியில் கலிச்சே.
மண்ணாகப் பிறந்து கல்லாகிப்போன ஒரு படிவு.
எந்திரத்தின் பல் இரண்டு உடைந்தது.
இனி அடிக்கு எண்ணூறு டாலர் என்றார் ஹெக்டர்.
பிறகு, கேட்காமலே,
"எத்தனையோ குளம் வெட்டியாயிற்று, அம்மா.
ஆழப் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை.
நிற்க முடிகிற இடத்தில்தான்
பீர், பேச்சு, சண்டை எல்லாம்."

அன்றிரவு பெய்தது.
வருஷத்தின் முதல் மழை, இடியோடு.
இரண்டு மணிக்குக் கொல்லையில்
ஆட்டுக்குட்டிகள் கத்தின.
எங்கள் தெருவில் ஆடு கிடையாது.
டார்ச் அடித்தோம்.
குழி நிறைய மூன்றடிப் பழுப்புத் தண்ணீர்,
அதில் தேரைகள். எங்கிருந்து?
எங்கள் காலுக்குக் கீழே
பத்து மாதம் மண்ணுக்குள் கிடந்தவை.
ஆழம் பற்றி அவற்றை யாரும் கேட்கவில்லை.

காலையில் ஹெக்டர் பம்ப்போடு வந்தார்.
அளவுக்கயிற்றில்
பாசிமணிபோல் முட்டை ஒட்டியிருந்தது.
லொவெல் பம்பின் வயரைப் பிடுங்கினான்.
"இரண்டு வாரம்."
"இரண்டு வாரத்துக்கு ஆள் கூலி?"
"தருகிறேன்."
என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.

சாயங்காலம் விளிம்பில் உட்கார்ந்து
வால் உள்ளவற்றுக்குக்
கால் முளைப்பதைப் பார்த்தோம்.
ஆறாம் நாள்
ஏணி வைத்து உள்ளே இறங்கினான்,
தேரைக்குஞ்சுகளை ஒதுக்கி ஒதுக்கி,
அறுபத்துமூன்று வயது, அரைக்கால் சட்டை.
மல்லாந்தான்.
நான் மேலே நின்று
சேற்றை, துவைக்கப்போகிறவளை, நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் வலது கை தானாக எழுந்தது.
காதைத் தாண்டி, தலைக்கு மேலே,
அவன் அதைப் பார்க்கவும் இல்லை,
மூன்றடித் தண்ணீர் அதைத் தூக்கி
அவன் தலைமாட்டில் வைத்தது.
"இமெல்டா" என்றான்.
பார்த்தேன் என்றேன்.

சிமென்ட் பீய்ச்ச வருவதற்கு முந்தின நாள்
ஹெக்டரிடம் நான்தான் சொன்னேன்:
நாலடியே இருக்கட்டும்,
கிழக்கு மூலையில் மட்டும்
கலிச்சேயை உடைத்து ஐந்தரை.
லொவெல் என்னைப் பார்த்தான்.
ஐந்தரையில் அவனுக்குக் கால் நிலைக்கும்,
கழுத்து வெளியே நிற்கும்.
எனக்கு நிலைக்காது.
நீந்தத் தெரியாதவள் நான்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
இப்போது தெரியும்,
ஐந்தடி ஆறங்குலம், ரசீதே இருக்கிறது.
தினமும் ஏழு மணிக்கு
விளிம்பைப் பிடித்தபடி அந்த மூலைக்குப் போகிறேன்.
அவன் அங்கே நிற்கிறான்.
நேற்று ஒரு விரலை மட்டும் எடுத்தேன்.